கயிறு கட்டிய கால்

பெஞ்சமின் அனிசோபாவைச் சிறையில் போட யாரும் தயாராக இல்லை. அதற்காக அவன் ஓராண்டு அலைந்தான்.

எங்கள் ஊர் அமாங்வுவில் கட்சி என்று ஒன்று இருந்ததென்றால் அது அவன்தான். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, பெரிய வேலைநிறுத்தத்தில் வேலை போய், ஒரு தகரப்பெட்டி நிறையச் செய்தித்தாள்களோடு ஊர் திரும்பியவன். ஊர்ச் சங்கத்தைக் கூட்டியது அவன். பள்ளிக்கூடத்துக்குக் கூரை வாங்கித் தந்தது அவன். வெள்ளைக்காரன் போக வேண்டும் என்று எங்கள் ஊரில் முதலில் வாய்விட்டுச் சொன்னதும் அவன்தான். சொன்ன இடம் என் தையல் கடை. நான் ஒரு கால்சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

நானும் அவனும் நெபோவும் ஒரே வயதுக் கூட்டம். ஒரே நாளில் எங்களை ஊர்முன் நிறுத்திக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். அதன் பிறகு ஒருவன் ஒரு படி ஏறினால், தான் எத்தனை படி கீழே என்று மற்றவர்களுக்குக் கணக்குப் போடாமலே தெரியும்.

அனிசோபா ஏறினான். முப்பத்தைந்து வயதில் ஊரின் பெரிய பட்டமான ஓசோவை வாங்கினான். எட்டு நாள் விருந்து. சிவப்புத் தொப்பி வைத்தார்கள். வலது கணுக்காலில் கயிறு கட்டினார்கள். ஒமெலோரா என்று பெயர் வைத்தார்கள், ஊருக்குச் செய்கிறவன் என்று அர்த்தம். கயிறு கட்டிய ஆளை யாரும் கட்டக் கூடாது, அடைக்கக் கூடாது. அடைத்தால் பட்டம் தீட்டு. ஆகவே பட்டக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார்கள், கை ஓங்க மாட்டார்கள். அவர்களைத் தொடவும் யாரும் வர மாட்டார்கள்.

சீக்கிரம் தேர்தல் வரும் என்று பேச்சு இருந்தது. தலைநகர் எனுகுவில் கூடும் சபைக்கு ஊர் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். அது அனிசோபாதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அவனுக்கு எள்ளளவும் இல்லை. வெள்ளைத் துணி வாங்கி என் கடையில் வைத்திருந்தான், சபையில் போட்டுக்கொள்ளும் அங்கிக்கு.

"உக்காந்தா மடிப்பு விழக் கூடாது," என்றான்.

"நின்னுக்கிட்டே இரு," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அளவு மட்டும் எடுத்து எழுதிக்கொண்டேன்.

நெபோ சைக்கிள் ரிப்பேர் செய்பவன். சந்தை முனையில் மாமரத்தடியில் கடை. கட்சியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் சைக்கிளில் வருகிறார்கள் என்பதைத் தவிர அவன் சேர்ந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் வாரத்துக்கு நாலு நாள்; அதில் எகெ என்ற சந்தை நாளில் போலீஸ்காரன் ஒருவன் வந்து நெபோவின் முக்காலியில் உட்கார்ந்தான்.

"யோவ், எந்திரி," என்றான் நெபோ. "அது பஞ்சர் ஒட்ட வர்றவங்க உக்கார்ற இடம். உனக்கு எங்கே ஓட்டை?"

சந்தையே சிரித்தது. போலீஸ்காரன் தண்ணீர்ச் சட்டியை உதைத்தான். நெபோ பம்ப்பை எடுத்து அவன் தோளில் ஒன்று போட்டான். நாலு போலீஸ்காரர்கள் சேர்ந்து நெபோவை இழுத்துப் போகும்போது அவன் கத்தினான்: "கேக்காம எடுத்தீங்க! கேக்காமயே திரும்ப எடுத்துக்குவோம்!"

அது அனிசோபாவின் வாக்கியம். இந்த மண் கேட்காமல் எடுக்கப்பட்டது, கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று அவன் எழுதி, கூட்டங்களில் சத்தமாகப் படித்து, கைப்பட நூறு பிரதி எடுத்துக் கொடுத்திருந்தான். நெபோவின் பெட்டியைக் கொட்டியபோது அதில் ஒரு பிரதி கிடைத்தது. ராஜத்துரோகம், ஆறு மாதம் என்றார்கள்.

மறுநாளே அனிசோபா மாவட்ட அதிகாரியிடம் போனான். நானும் கூடப் போனேன். காகிதத்தை எழுதியது தான்தான், கையெழுத்தை ஒத்துப் பார்க்கலாம் என்றான். துரை காகிதத்தைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் அவன் காலைப் பார்த்தார். பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ கேட்டார்.

துபாஷி எங்களிடம் வந்தான். "ஒமெலோரா, உங்களை உள்ள வச்சா நாப்பது பட்டக்காரங்க வந்து இந்த முற்றத்துல உக்காந்துருவாங்களாம். கிளப்ப ஆள் இல்லைங்கறார். டீ குடிச்சிட்டுப் போகச் சொல்றார்."

"நான் டீ குடிக்க வரல."

"அதையும் சொல்லிட்டேன். சர்க்கரை எத்தனை கரண்டின்னு கேக்கறார்."

திரும்பி வரும் வழியில் ஓடை வந்தது. தண்ணீரில் இறங்கும்போது சொன்னான்: "ஆறு மாசம். ஒரு பம்ப்புக்கு."

நெபோவுக்காக வருத்தப்படுகிறான் என்று நினைத்தேன்.

புதுக்கிழங்கு தோண்டும் பருவத்தில் நெபோ வெளியே வந்தான். ஓடைக்கரையிலிருந்தே பெண்கள் பாடி அழைத்து வந்தார்கள். அந்தப் பாட்டில் நெபோவின் பெயர் பதினோரு முறை வந்தது. அனிசோபா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விருந்து அனிசோபா வீட்டில். சங்கத்துக்குச் செயலாளர் அவன், வேறு எங்கே வைப்பது. விருந்தில் முதலில் பகிரும் கோலாக்கொட்டையை எடுத்து ஆசி சொல்லிப் பிளந்தது அவன்தான், பட்டக்காரன் என்பதால். ஒருவரும் அவன் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் நெபோவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிழங்கு குடுப்பாங்களா உள்ள?" என்று யாரோ கேட்டார்கள்.

"குடுப்பாங்க. கல்லு மாதிரி. முதல் நாள் ஒரு பல்லு போச்சு. ரெண்டாம் நாள் ருசி போச்சு. மூணாம் நாள் இன்னொண்ணு குடுங்கன்னு கேட்டேன்."

அனிசோபாவின் மனைவி எகெம்மா கசப்புக்கீரைக் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சட்டியை எடுத்து நெபோவுக்குப் பரிமாறினாள். கோழியின் இரைப்பை அவன் கிண்ணத்தில் விழுந்தது.

நான் அனிசோபாவைப் பார்த்தேன். எங்கள் ஊரில் இரைப்பை வீட்டு ஆம்பளைக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவன்தான் தின்கிறான். வேண்டுமானால் அவனே எடுத்து விருந்தாளிக்கு வைக்கலாம். அவள் வைக்கக் கூடாது. நெபோ அதைக் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே தின்றுவிட்டான்.

"எனுகுவுக்கு இவனையே அனுப்பினா என்ன?" என்றார் பெரியவர் ஒருவர். "ஜெயில்லயே உக்காந்தவன். சபையில உக்கார மாட்டானா?"

சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் சிலர் நெபோவையே ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சுக் கேட்டது.

"இரைப்பை யாருக்கு?"

"விருந்தாளிக்கு."

"வீட்டு ஆம்பளைக்கு."

"உச்சேயோட அப்பா, நீங்க பத்து வருஷமா தின்னாச்சு. அவரு ஆறு மாசமா கல்லு தின்னிருக்காரு."

"அது என் கல்லு. நான் எழுதினதுக்கு வச்ச கல்லு."

"அப்ப நீங்க போய்த் தின்னிருக்கணும்."

அதன் பிறகு அவன் என் கடைக்குத் தினமும் வந்தான். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொள்வான், படிக்க மாட்டான். மாமரத்தடியைப் பார்ப்பான். சிறையிலிருந்து போட்டுக்கொண்டு வந்த அரைக்கால் சட்டையைத்தான் நெபோ அப்போதும் போட்டிருந்தான். பஞ்சர் இல்லாதவர்களும் அங்கே சைக்கிளை நிறுத்தினார்கள்.

"அவன் நடை மாறிடுச்சு, கவனிச்சியா?"

"அதே நடைதான்."

"இல்ல. ஜெயில் நடை. வேணும்னே நடக்கறான்."

"செருப்பு கடிக்குதுப்பா அவனுக்கு."

"உனக்கு எதுவும் தெரியாது. நீ துணியைப் பாரு."

ஓர் ஓரியெ சந்தையன்று அனிசோபா கவிழ்த்த உரல்மேல் ஏறி நின்று அந்தக் காகிதத்தை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தான். ஏட்டு வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒமெலோரா, வெயில்ல நிக்காதீங்க. மண்டைக்கு ஆகாது."

இன்னொரு நாள் கோர்ட்டுக்குப் போனான். துரை வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். பட்டக்காரர் யாருக்கும் எழ வேண்டியதில்லை, அது இங்கே வழக்கம் என்று துபாஷி துரைக்கு விளக்கினான். துரை அவனைப் பார்த்துத் தலையை அசைத்தார், மரியாதையாக.

அந்த மரியாதையை அவன் என்னிடம் ஏழெட்டு முறை நடித்துக் காட்டினான்.

மழை நின்றிருந்த ஒரு முற்பகல். நான் அவனுடைய வெள்ளைத் துணியைப் பலகையில் விரித்துச் சுண்ணக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வந்தான். தொப்பியைக் கழற்றி மிஷின்மேல் வைத்தான். வலது காலைத் தூக்கி முக்காலியில் வைத்தான்.

"வெட்டு."

எதை என்று கேட்கவில்லை. தெரிந்தது. "நான் மாட்டேன்."

"நூல்தானே. தினம் எத்தனை நூல் வெட்டறே."

"என் கை போயிரும். எனக்கு அஞ்சு பிள்ளைங்க."

"அப்ப கத்தரியைக் குடு."

"பெஞ்சமின், இதை வாங்கறதுக்கு எத்தனை ஆடு, எத்தனை கிழங்கு. உங்க அப்பா இதைக் கட்டாமலே செத்தார். ஒரு சைக்கிள்காரனுக்காகவா?"

"அவனுக்காகவா? அவனுக்காக நான் ஏன் வெட்டறேன்?" காலை இன்னும் முன்னால் நீட்டினான். "இது இருக்கற வரைக்கும் என்னை ஒருத்தனும் தொட மாட்டான்டா. தொட்டாத்தானே எனக்கும் ஒரு பாட்டு."

கத்தரி பலகையில் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அவனே எடுத்தான். இரண்டு முறை வழுக்கியது, மூன்றாம் முறை அறுந்தது. கயிற்றின் கீழே தோல் வெளிறி வளையமாக இருந்தது. அறுந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொப்பியை மிஷின்மேலேயே விட்டுவிட்டு, சந்தையைப் பார்த்து நடந்தான்.

அன்றும் அதே காகிதத்தைத்தான் படித்தான். ஏட்டு வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். காலைப் பார்த்தார். தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு விலங்கை எடுத்தார்.

சாயங்காலத்துக்குள் பட்டக்காரர்கள் தங்கள் கூட்டத்தில் அவன் உட்காரும் ஆட்டுத்தோலைச் சுருட்டி அவன் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். எகெம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் வாய்தவறிச் சொன்னது," என்றாள் என்னிடம். "போய்த் தின்னுங்கன்னு."

வழக்கு மறுநாள். துரை அவனுக்குப் பதினாலு நாள் கொடுத்தார். சந்தையில் இடைஞ்சல் செய்ததற்காக.

"ராஜத்துரோகம்," என்றான் அனிசோபா.

துபாஷி துரையிடம் கேட்டுச் சொன்னான்: "அதெல்லாம் இப்ப இல்லையாம். மேலேர்ந்து உத்தரவு மாறிடுச்சாம். அடுத்த வருஷம் தேர்தல், என்ன வேணா பேசலாமாம்."

"இதே வாக்கியத்துக்கு நெபோவுக்கு ஆறு மாசம் குடுத்தீங்க!"

"அது போன வருஷம்."

"எனக்கும் ஆறு மாசம் குடுங்க."

கோர்ட்டில் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. அவருக்கு அவசரம், அடுத்த வழக்கு ஓர் ஆட்டைப் பற்றியது.

பதினாலாம் நாள் அவனை அழைத்துவர யாரும் போகவில்லை. கயிற்றை அறுத்தவனுக்கு என்ன பாட்டுப் பாடுவது என்று பெண்களுக்குத் தெரியவில்லை. எகெம்மா கிளம்பினாள், வயிற்றுப்பிள்ளைக்காரி அந்த ஆளை முதலில் எதிர்கொள்ளக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். நான் போயிருக்கலாம். பள்ளிக்கூடச் சீருடை முப்பது தைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெபோ போனான். அங்கே நடந்ததை அவன்தான் என்னிடம் சொன்னான்.

சிறை வாசலில் சைக்கிளோடு நின்றானாம்.

"ஏறுடா."

பட்டம் வாங்கிய பிறகு அனிசோபாவை யாரும் டா போட்டதில்லை. அவன் கேரியரில் ஏறி உட்கார்ந்தான்.

"கிழங்கு எப்படி?" என்று கேட்டிருக்கிறான் நெபோ.

"நல்லாத்தான் இருந்தது."

"மாத்திட்டாங்க போல. நான் சண்டை போட்டேன்ல."

 கொஞ்ச தூரம் போன பிறகு நெபோ சொல்லியிருக்கிறான்: "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பட்டக்காரங்க என்னைக் கழிப்புக் கழிச்சிட்டாங்க. முட்டை, கோழிக்குஞ்சு, ஓலை எல்லாம் வச்சு. ஜெயில் தீட்டு போச்சாம். வர்ற அஃபோ சந்தையன்னைக்குக் கயிறு கட்டறாங்க, செலவு ஊரோடது."

சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அனிசோபா கீழே குதித்தான். விழுந்து எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"உனக்கு எதுக்குடா கயிறு?"

"உங்கிட்ட இருந்ததே."

"அதுக்கு?"

"நீ சங்கத்துல பேசறது எனக்குப் பாதி புரியாது. பேசறப்ப உன் காலைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். நீ கயிறு கட்டினதிலேர்ந்து. ஜெயில்லயும் அதான் நினைப்பு."

"ஜெயில்ல உக்காந்து என் காலையா நினைச்சே?"

"வேற என்ன இருக்கு அங்கே நினைக்க?"

மீதி வழி முழுக்க இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார்கள். ஊர் எல்லையில் அனிசோபா நெபோவை நிறுத்தி, "நீ முன்னால போ," என்றானாம். "என்னை நீ கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கக் கூடாது."

எனுகுவுக்கு யார் என்று முடிவு செய்யப் பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் கூடியது. யாரை விரும்புகிறோமோ அவன் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். நெபோ புதுக் கயிற்றோடு ஆட்டுத்தோலில் உட்கார்ந்திருந்தான்; கயிறு இன்னும் வெள்ளையாக இருந்தது. கோலாவை அவன்தான் பிளந்தான். பழக்கமில்லாமல் ஒரு துண்டு மண்ணில் விழுந்தது. அனிசோபா பட்டம் இல்லாதவர்களோடு பெஞ்சியில் இருந்தான். பெஞ்சி அவன் சங்கத்துக்கு வாங்கிக் கொடுத்தது.

வரிசை நிற்பதற்கு முன் எழுந்தான்.

"ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். இவன் ஆறு மாசம் உள்ள இருந்தது என் எழுத்துக்காக. அதுல ஒரு எழுத்துகூட இவனோடது இல்ல. இருக்குன்னா இப்பச் சொல்லட்டும்."

 எல்லோரும் நெபோவைப் பார்த்தார்கள். அவன் தாடையைச் சொறிந்தான்.

"நிஜம்தான்," என்றான். "எனக்குப் படிக்கவே தெரியாது. இவன் கத்தினதைக் கேட்டு நானும் கத்தினேன். அந்தக் காகிதத்துல நான் பஞ்சர் ரப்பர் சுத்தி வச்சிருந்தேன். போலீஸ்காரன் பிரிச்சு வாசிக்கறான், நான் நினைக்கறேன், ரப்பர்ல என்னடா இவ்வளவு எழுதியிருக்கு!"

முதலில் பெரியவர்கள் சிரித்தார்கள். பிறகு மைதானம் முழுக்கச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து நெபோவின் பின்னால் நின்றார்கள். அனிசோபா இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் சொன்னது உண்மை. உண்மை என்று எதிரியே ஒத்துக்கொண்டுவிட்டான். 

அவன் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். மூன்று பேர் அவன் தம்பிகள்.

நான் நெபோ வரிசையில் நின்றேன். என்னிடம் காரணம் இருந்தது. அனிசோபா கயிற்றை அறுத்தது என் கத்தரியால். அது ஊருக்குத் தெரிந்துவிட்டது; அந்தக் கத்தரி பட்ட துணியை யாரும் வாங்கவில்லை. சாணை பிடித்தேன், எண்ணெய் போட்டேன், கடைசியில் ஓடையில் எறிந்துவிட்டு வேறு வாங்கினேன். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. முப்பத்தைந்து வயதில் அவன் காலில் கயிறு கட்டிய அன்று நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெபோ நாலு வருடம் சபையில் இருந்தான். அவன் பேச வேண்டியதை எல்லாம் அனிசோபாதான் சொல்லிக் கொடுத்தான். மாதத்துக்கு ஒருமுறை மாமரத்தடியில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்வான். நெபோ திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்வான். அனிசோபா இதை ஏன் செய்கிறான் என்று எகெம்மாவைக் கேட்டேன். "வேற யார் பேச்சையாவது நெபோ பேசிட்டா?" என்றாள்.

செய்தித்தாள் வரும் நாளில் அனிசோபா என் கடையில் காத்திருப்பான். அமாங்வு உறுப்பினர் நெபோ சபையில் பேசியதாவது என்று நாலு வரி வந்திருக்கும். விரலை வைத்து மெல்லப் படிப்பான். படிக்கும்போது இடது பாதத்தைத் தூக்கி வலது கணுக்கால்மேல் வைத்துக்கொள்வான். அங்கே அந்த வளையம் கடைசிவரை கறுக்கவேயில்லை.

"ரெண்டாவது வரியில ஒரு வார்த்தையை விட்டுட்டான்," என்பான். பிறகு தாளை என் பக்கம் தள்ளுவான். "யாரு எழுதினதுன்னு கேளேன்."

நான் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். கேட்டதில்லை.